நேற்றோடு பேசும் வேலை

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 ஜூன் 2024, திங்கள்

அன்புள்ள கிறிஸ்டினுக்கு,

நீ கிள்ளானுக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். கைப்பேசியில் என்னைத் தடை செய்துவிட்டாய். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில், "சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன்" என்று இருந்தது. நாள் முழுக்கக் குரலை விற்றுப் பிழைப்பவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. அதனால் கடிதம். தபால் நிலையத்தில் உள்நாட்டுத் தபால்தலை ஒன்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "கூரியர்தானே பாஸ்?" என்றார். இல்லை, சாதாரணக் கடிதம் என்றேன். உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து கொடுத்தார்.

வேலை நன்றாகப் போகிறது. காலை ஆறு மணிக்கு ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, சரக்கு வந்து சேரவில்லை என்று பிரேசிலிலிருந்து அழைப்பவர்களுக்குப் போர்த்துகீசியத்தில் பதில் சொல்கிறேன். இங்கே செவ்வாய் விடிந்துகொண்டிருக்கும்போது பிரேசிலில் திங்கள் மாலை ஏழு மணி. யோசித்துப் பார், உன் புருஷன் தினமும் நேற்றோடு பேசிக்கொண்டிருக்கிறான். அவர்கள் இன்னும் பார்க்காத ஒரு நாளை நான் ஏற்கெனவே தொடங்கிவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் மழையில் நனைந்துகொண்டு போகும். காதுக்குள்ளே ஒரு தெருவில் நாய் குரைக்கும், யாரோ பாத்திரம் கழுவுவார்கள். எந்த மழை எந்த ஊர் மழை என்று சில நேரம் எனக்கே குழப்பம்.

ரெசிஃபே என்ற கடற்கரை நகரத்தில் தோனா செலெஸ்தே என்று ஒரு அம்மையார். அவருடைய துணி துவைக்கும் இயந்திரம் வழி தவறி, காட்டு நதிக்கரையில் உள்ள வேறு ஒரு ஊருக்குப் போய்விட்டது. அதைப் பற்றி விசாரிக்க முதலில் வாரம் ஒரு முறை அழைத்தார். இப்போது இயந்திரத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. "போர்ச்சுகலில் எந்த ஊர் தம்பி உனக்கு?" என்று கேட்டார். கடலோரம் என்றேன். அது பொய் இல்லை. "உன் பேச்சு உப்பில் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது, கெடவே இல்லை" என்றார்.

பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பிரையனை விசாரித்ததாகச் சொல்.

கால்வின்


கிள்ளான்
8 ஜூன் 2024, சனி

கால்வினுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரும்பகுதி பிரேசில். மீதியில் செடி. என் தம்பிக்குக் கடைசியில் ஒரு விசாரிப்பு.

நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயது வரைக்கும் நீங்கள் மலாக்காவில், போர்த்துகீசியர் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தீர்கள். அங்கே மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளோடு விளையாடி அவர்கள் பேச்சைக் கற்றீர்கள். அதன் பெயர் கிறிஸ்தாங். நானூறு, ஐநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்தது, மலாயோடு கலந்து வேறு பாஷையாகவே ஆகிவிட்டது என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் உங்களுக்குத் தெரிந்தது இறால், வலை, ஜெபம், பந்து விளையாட்டு, வசவு. இதை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் "போர்த்துகீசியம்: சரளம்" என்று எழுதினீர்கள். நான் அப்போது சிரித்தேன். அது என் பங்குத் தப்பு.

பிறகு உங்கள் கம்பெனிக்கு இன்னும் ஆள் தேவைப்பட்டது. ஏழு வருஷமாகத் துறைமுகக் கிடங்கில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த பிரையனைக் கூப்பிட்டீர்கள். அவனுக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. "கவலப்படாத லா, நான் பேசிக்கிறேன்" என்றீர்கள். பேசினீர்கள். நம் கட்டிலில் உட்கார்ந்து, போனில், "நான் பிரையன்" என்று அரை மணி நேரம் நேர்காணல் கொடுத்தீர்கள். நான் பக்கத்து அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் வேலையை விட்டான். நீங்கள் நாற்பது வாக்கியம் எழுதிக் கொடுத்தீர்கள். அவன் பரீட்சைப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்தான். நாலாவது நாள் யாரோ நாற்பத்தொன்றாவதைக் கேட்டுவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அவனும் சம்மதித்துத்தான் போனான், அவன் தப்பு அவனுக்கு. மேனேஜர் சபாபதி முன்னால் அவன் உண்மையைச் சொன்னான்: "நேர்காணல்ல பேசினது அத்தான், சார்." சபாபதி உங்களைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் இல்ல சார். அவன்தான் பேசினான். பயத்துல உளறுறான்."

பொய்யன் என்ற குறிப்போடு அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்றையிலிருந்து பிரையன் பேசுவது குறைந்துவிட்டது. கடையில் சாமான் வாங்கினால் விரலால் காட்டுகிறான்.

தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ரப்பர் கையுறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் பார்க்கிறேன். ஓட்டை இருந்தால் தண்ணீர் சொல்லிவிடும். நான் கேட்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருபத்தொரு நாள் கொடுத்திருக்கிறேன்.

நேர்காணலில் பேசியது நீங்கள் என்று சபாபதியிடம் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியில் லிஸ்பனிலிருந்து உங்கள் அழைப்புகளைச் சோதிக்க ஆள் வருகிறது என்றீர்களே, அதற்கு முன்னால்.

கிறிஸ்டின்


பிரிக்ஃபீல்ட்ஸ்
16 ஜூன் 2024, ஞாயிறு

அன்புள்ள கிறிஸ்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொல்வதில் தப்பில்லை. ஆனால் இந்த மொழியைப் பற்றி நான் படித்ததைச் சொன்னால் நீ கொஞ்சம் நிதானிப்பாய் என்று நினைக்கிறேன். பூசை முடிந்து வந்து எழுதுகிறேன், அதனால் மனம் சுத்தமாக இருக்கிறது.

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், எப்போதும் மழை பெய்யும் ஒரு மூலை. ரோமாபுரிச் சிப்பாய்கள் அங்கே வந்து தங்கினார்கள். அவர்கள் பேசிய லத்தீன் பள்ளிக்கூட லத்தீன் இல்லை, கூடாரத்து லத்தீன். அந்த ஊர்க்காரர்கள் அதையும் தப்பாகக் கற்றார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்தத் தப்பை இன்னும் நன்றாகக் கற்றார்கள். ஆயிரம் வருஷம் இப்படித் தப்பு செய்தபின் ஒரு ராஜா, "சரி, இனிமேல் அரண்மனைப் பத்திரங்களை இதிலேயே எழுதுங்கள்" என்றார். அதுதான் போர்த்துகீசியம். அன்றைக்கு லத்தீன் தெரிந்த ஒரு சோதனை அதிகாரி வந்திருந்தால் ஒரு தேசத்தையே வேலையை விட்டு நீக்கியிருப்பார்.

இன்றைக்கு அதைப் பேசுகிறவர்கள் இருபத்தைந்து கோடிக்கும் மேல். போர்ச்சுகலில் இருப்பவர்கள் ஒரு கோடிதான். மீதியெல்லாம் பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், இங்கே பக்கத்தில் தீமோர். வீட்டுக்காரரைவிடக் குடியிருப்பவர்கள் அதிகம். அந்த வரிசையின் கடைசியில், மலாக்காவில் ஒரு சின்னத் தெருவில், நானும் நின்றுகொள்கிறேன் என்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. அவர்களுடைய வாரத்தில் கிழமைகளுக்குக் கிரகங்களின் பெயர் கிடையாது. அந்தக் காலத்துப் பிஷப் ஒருவருக்குப் பிடிக்கவில்லையாம். திங்கள் இரண்டாம் நாள், செவ்வாய் மூன்றாம் நாள், வெள்ளி ஆறாம் நாள். எண்ணிக்கொண்டே போய் ஞாயிறை ஆண்டவருக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டவர் நாளின் பெயர்தான் கப்பலேறி வந்து மலாயில் மிங்கு ஆனது. நீ போனபின் நானும் நாள்களை எண்ணித்தான் கூப்பிடுகிறேன்.

நீ பூட்டிவிட்டுப் போன அலமாரி, எடுத்துப் போன சாவி, நான் உட்கார்ந்து எழுதும் மேஜை, எதிரே இந்த ஜன்னல், நாலும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். எனக்கு அவர்கள் வீட்டில் தனியாக வாடகைக்கு இருப்பது போல இருக்கிறது.

சபாபதியிடம் சொல்கிறேன். சரியான நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கால்வின்


கிள்ளான்
22 ஜூன் 2024, சனி

கால்வினுக்கு,

அலமாரி போர்த்துகீசியருடையது என்றால் அதிலிருக்கும் சேலைகள் என்னுடையவை. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது தட்டில் உள்ளதைப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பட்டு வேண்டாம், வேலைக்குக் கட்டுவது போதும்.

சிப்பாய்கள் லத்தீனைத் தப்பாகப் பேசினார்கள், சரி. ஆனால் பேசிவிட்டு, "நான் இல்ல சார், பக்கத்துக் கூடாரத்துக்காரன்" என்று சொன்னதாகப் புத்தகத்தில் இருக்கிறதா?

புதன் காலை பிரையனை மேரு பாசாருக்கு மீன் வாங்க அழைத்துப் போனேன். மீன் கடையில் கன்னையா அண்ணே நின்றார். கிடங்கில் பிரையனுக்கு மேலே இருந்தவர். நல்ல மனுஷன், கிண்டல் அதிகம். "டேய் பிரையன்! என்னடா, பிரேசில் எப்படி? அங்கே இப்ப மணி என்ன?" என்றார். பக்கத்தில் நின்ற பழைய ஆள்களெல்லாம் சிரித்தார்கள். மீன்காரர்கூட, "பிரேசில்காரருக்குக் கெம்போங் மீன் வேணுமா, செலார் மீன் வேணுமா?" என்றார். நானே பதில் சொல்வதற்குள் பிரையன் கையிலிருந்த பையை ஈரத் தரையில் வைத்தான். நடந்தே வீட்டுக்குப் போனான். நாலு கிலோமீட்டர்.

கன்னையா அண்ணே பயந்துவிட்டார். "ஏம்மா, நான் சும்மாதானே கேட்டேன்? அவன் முன்னாடி திருப்பிக் குடுப்பானே லா" என்றார். ஆமாம் அண்ணே, முன்னாடி கொடுப்பான் என்றேன்.

பொய் சொல்லி வேலைக்குப் போனான் என்று இருந்தால் அவன் இதைத் தாங்கிக்கொள்வான். உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் அவனைப் பொய்யன் ஆக்கினீர்கள்.

சரியான நேரம் என்று ஒன்று கிடையாது. கையுறைக்கு இரண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

கிறிஸ்டின்


பிரிக்ஃபீல்ட்ஸ்
1 ஜூலை 2024, திங்கள்

அன்புள்ள கிறிஸ்,

சேலைகளை அனுப்பிவிட்டேன். நல்ல செய்தி இருக்கிறது.

லிஸ்பன் அம்மா வந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளைக் காலணி, தே தாரிக் குடித்துவிட்டு இது தேநீரா என்று கேட்கவில்லை. நல்லவர். ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரண்டு நாள் என் அழைப்புகளைக் கேட்டார். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்தொட்டிக்குள் யாரோ ஜெபிப்பது போல இருந்தது.

பிறகு உள்ளே கூப்பிட்டார். சபாபதியும் இருந்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார். நான் தோனா செலெஸ்தேயிடம், "உங்கள் கூடை இன்னும் கரைக்கு வரவில்லை அம்மா. நீர் இறங்கட்டும், நான் வலையை விடாமல் பிடித்திருக்கிறேன்" என்று சொன்ன இடத்தைப் போட்டுக் காட்டினார். சரக்கு தாமதம் என்று சொல்ல எனக்குச் சொல் தெரியாதே, அதனால் தெரிந்ததைச் சொன்னேன். அதற்கு அந்த அம்மையார் பதிவில் அழுகிறார். "மூத்து மெர்சே" என்று நான் முடிக்கிறேன். மிகுந்த கிருபை என்று அர்த்தம், மலாக்காவில் நன்றி சொல்வது அப்படித்தான். லிஸ்பனில் இப்போது யாரும் அப்படி நன்றி சொல்வதில்லையாம்.

"இது என்ன போர்த்துகீசியம்?" என்று சபாபதி பயந்துகொண்டே கேட்டார். அந்த அம்மா யோசித்துச் சொன்னார்: "எனக்குப் பாதி புரிகிறது. ஆனால் பிரேசில்காரர்களுக்கு நான் பேசுவதும் சில நேரம் பாதிதான் புரிகிறது. நாங்கள் உயிரெழுத்தை விழுங்குகிறோம் என்று புகார். அவர்கள் அதை வெயிலில் காயவைக்கிறார்கள் என்று எங்கள் புகார். இவர் மட்டும் யாரிடமும் புகார் வாங்கவில்லை." அறிக்கையில் எழுதியதைக் காட்டினார். மொழித் திறன்: நன்று. காலம்: தெரியவில்லை.

சபாபதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாடிக்கையாளர் மதிப்பெண்ணில் நான்தான் மாடியிலேயே முதல். எனக்காகப் "பாரம்பரியப் பிரிவு" என்று ஒன்று தொடங்கப் போகிறாராம். நான் அதற்குத் தலைவர். பிரிவில் வேறு யாரும் இல்லை.

ஆக, நான் பேசுவது என்ன பாஷை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் கோபப்படவில்லை. நீ எதற்குப் பயந்தாயோ அது முடிந்துவிட்டது. இந்த வாரம் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வரட்டுமா?

கால்வின்


கிள்ளான்
6 ஜூலை 2024, சனி

கால்வினுக்கு,

மொழி உங்களை மன்னித்துவிட்டது. சந்தோஷம். என் தம்பி மொழி இல்லை.

நான் எதற்கும் பயப்படவில்லை. நீங்கள் பயந்ததற்குப் பெயர் மாற்றி என் தலையில் வைக்க வேண்டாம்.

வர வேண்டாம். இந்த மாதக் கடைசி சனிக்கிழமை அம்மாவின் தையல் மெஷினையும் பாத்திரங்களையும் எடுக்க நானே லோரி பிடித்து வருகிறேன். நீங்கள் அன்றைக்கு வேலையில் இருந்தால் நல்லது. பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன். அவர் பொறுமையாக இரு என்றார். இருந்தாகிவிட்டது என்றேன்.

கிறிஸ்டின்


பிரிக்ஃபீல்ட்ஸ்
15 ஜூலை 2024, திங்கள்

கிறிஸ்டினுக்கு,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லிஸ்பன் அம்மா ஊருக்குத் திரும்பும் நாள். எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து, எப்படிப் பேச வேண்டும், எப்படிப் பேசக் கூடாது என்று சில பதிவுகளைப் போட்டார். "கூடாது" என்பதில் கடைசிப் பதிவு பிரையனுடையது. அவனுடைய நாலாவது நாள்.

ஒரு ஆள் கோபமாக ஏதோ கேட்கிறான். பிரையன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு நான் எழுதிக் கொடுத்த முதல் வாக்கியத்தைச் சொல்கிறான், காலை வணக்கம் என்று. அடுத்து இரண்டாவது. அடுத்து மூன்றாவது. அந்த ஆள் குறுக்கே பேசிப் பார்த்து நிறுத்திவிடுகிறான். பிரையன் மெதுவாக, ஜெபமாலை உருட்டுவது போல, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறான். உங்கள் முகவரி என்ன. சற்றுக் காத்திருங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். கூடை வரும். நீர் இறங்கும். கடைசி வரைக்கும். அந்தப் பக்கம் அந்த ஆள் தணிந்த குரலில், "நன்றி மகனே" என்று சொல்லி வைத்துவிடுகிறான்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து இருக்கை ஏமி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு நொடிதான், ஆனால் சிரித்தேன். உன்னிடம் மறைக்கவில்லை.

அது என் குரல், கிறிஸ். அவன் தொண்டையில் என் குரல். மலாக்காவில் நான் சொல் முடிவில் இழுக்கும் இழுப்பு வரைக்கும் அப்படியே படித்திருக்கிறான். லிஸ்பன் அம்மா சிரிக்கவில்லை. பதிவை நிறுத்திவிட்டு, "இவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். யாரையும் பார்க்காமல்தான் கேட்டார்.

நான் எழுந்தேன். எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். சொல்லிக் கொடுத்தது நான், நேர்காணலில் அவன் பெயரில் பேசியது நான், அவன் உண்மையைச் சொன்னபோது இல்லை என்றதும் நான். தமிழிலும் ஒரு முறை சொன்னேன், சபாபதிக்கு நன்றாகப் புரியட்டும் என்று. அவர், "கால்வின், உக்காருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். உட்காரவில்லை. எழுதிக் கொடுத்தேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. பிரையனிடம் கொடு.

பாஷைக்காக என்னை யாரும் நீக்கவில்லை. நேர்காணல் மோசடிக்காக நீக்கினார்கள். பாரம்பரியப் பிரிவு பத்து நாள் இருந்தது. பிரையன் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பை எடுத்துவிடுவதாகச் சபாபதி ஒத்துக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

கடைசி அழைப்புக்கு அனுமதி கேட்டேன், தரவில்லை. அது சரிதான். தோனா செலெஸ்தேயின் இயந்திரம் வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை. இன்றும் பழக்கத்தில் எழுந்து காலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மழை. இந்த ஊர் மழைதான்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு அச்சகத்தில் கணக்குப் பார்க்க ஆள் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறேன்.

லோரி கடைசி சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று எழுது. பாத்திரங்களைத் துடைத்துத் தாளில் சுற்றி வைக்கிறேன்.

கால்வின்


கிள்ளான்
19 ஜூலை 2024, வெள்ளி

கால்வினுக்கு,

நகலைப் பிரையனிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து உங்கள் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் படித்தான். சிரித்தீர்கள் என்ற இடத்தை இரண்டு முறை படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டு, "நாப்பதும் சொன்னேனா அக்கா? முப்பத்தெட்டுதான்னு நெனச்சேன்" என்றான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நேற்று கன்னையா அண்ணேக்கு அவனே போன் போட்டான். என்ன பேசினான் என்று தெரியவில்லை. கத்திப் பேசினான், அது கேட்டது.

லோரிக்காரரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணம் திருப்பித் தர மாட்டாராம். அது உங்கள் கணக்கு.

ஞாயிறு பூசை முடிந்து பத்து மணி ரயிலில் வாங்க. ஸ்டேஷனுக்குப் பிரையன் வருவான், நான் வரவில்லை. அவன் உங்களிடம் பேச வேண்டியது இரண்டு மாதமாகச் சேர்ந்திருக்கிறது. நல்ல வார்த்தையாக இருக்காது. நீங்கள் பதில் சொல்லக் கூடாது. விளக்கக் கூடாது. ரோமாபுரி, ராஜா, கப்பல் எதுவும் வரக் கூடாது. அவன் முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். மழை வந்தாலும் நிற்க வேண்டும். முடிந்தபின் அவனே வீட்டுக்குக் கூட்டி வருவான். கூட்டி வராவிட்டால் அடுத்த ரயில் பன்னிரண்டு மணிக்கு மேல்.

அம்மாவிடம் நீங்கள் வருவதைச் சொன்னேன். நான் பாசாருக்குக் கிளம்பும்போது நாலு பேருக்கு மீன் வாங்கு என்று மட்டும் சொன்னார்.

கிறிஸ்டின்